முறிந்த போல்ட்டுக்கும் ஒரு பாடவேளை வேண்டும்

என் தொழிற்பயிற்சிப் பதிவேட்டின் ஐந்தாவது வாரத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. புதன்கிழமை: "தெர்மோஸ்டாட் மாற்றும் பணி தொடங்கப்பட்டது." வியாழக்கிழமை: "தெர்மோஸ்டாட் மாற்றும் பணி முடிக்கப்பட்டது." இரண்டுக்கும் கீழே பட்டறை மேற்பார்வையாளரின் கையொப்பம் உண்டு. கல்லூரியிலிருந்து வந்து பார்த்த விரிவுரையாளரும் சரி போட்டிருக்கிறார்.

அந்த வரிகளில் பொய் இல்லை. ஆனால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஏன் இரண்டு நாளானது என்று யாரும் கேட்கவில்லை. அதை எழுதப் பதிவேட்டில் இடமும் இல்லை. காரணம் இதுதான்: நான் ஒரு போல்ட்டை முறித்துவிட்டேன்.

வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன் என்ற முறையில், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நடந்ததை இங்கே எழுதுகிறேன். வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்று நமக்குக் கற்றுத் தருகிறார்கள். செய்த வேலை கெட்டுப்போனால் அடுத்து என்ன செய்வது என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. இந்தக் குறையை இனியும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

கையில் தலை மட்டும்

கிள்ளானில் ஒரு சிறிய பட்டறையில் எனக்குத் தொழிற்பயிற்சி. அன்று மாலை, இ-ஹெய்லிங் ஓட்டும் ஓர் அங்கிள் தம் காரைக் கொண்டு வந்தார். ஏழெட்டு ஆண்டு ஓடிய கார். வெப்ப முள் மேலே மேலே ஏறுகிறது என்றார். பட்டறையின் மூத்த போமன் சோதித்துப் பார்த்துவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்றார். இன்ஜின் சூடேறும்வரை மூடியிருந்து, ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறந்து, கூலண்டை ரேடியேட்டர் பக்கம் போக விடும் சிறிய வால்வு அது. "ஆறட்டும். அப்புறம் நீயே கழட்டு" என்று என்னிடம் சொன்னார்.

தெர்மோஸ்டாட் மூடியை இரண்டே போல்ட்டுகள்தாம் பிடித்திருந்தன. இரண்டும் 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. தலைக்கு 10ஆம் எண் ஸ்பேனர். கல்லூரியில் இதே வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். மதிப்பீட்டில் எனக்குத் 'தெராம்பில்', அதாவது 'திறன் பெற்றவர்' என்றும் போட்டிருந்தார்கள்.

முதல் போல்ட் வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. நீளமான கைப்பிடி போட்ட ராச்செட்டை எடுத்து வந்து அழுத்தினேன். கொஞ்சம் திரும்பியது. 'அப்பாடா' என்று இருந்தது. ஆனால், அந்தத் திரும்பலில் ஏதோ ஒரு மென்மை இருந்தது, ரப்பரைத் திருகுவதுபோல. அந்த மென்மையின் பொருள் இன்று எனக்குத் தெரியும். மரை சுழலவில்லை, போல்ட்டின் உடம்புதான் முறுக்கிக்கொண்டிருந்தது. அப்போதே கையை எடுத்திருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ராச்செட்டோடு போல்ட்டின் தலை மட்டும் வந்தது. மீதி, சிலிண்டர் ஹெட்டின் துளைக்குள், மேற்பரப்புக்குச் சற்று உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த இருபது நிமிடம்

அடுத்த இருபது நிமிடம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு போல்ட் நன்றாக இருக்கிறது. மற்ற பக்கத்தில் சிலிக்கோன் பசையைத் தாராளமாகத் தடவி மூடியை உட்கார வைத்தால் என்ன? முறிந்த தலையையும் பசையிலேயே ஒட்டிவிட்டால் வெளியே பார்த்தால் தெரியாது. கார் இன்று ஓடும், நாளையும் ஓடலாம். பசை விட்டுக் கொடுக்கும்போது நான் கல்லூரிக்குத் திரும்பியிருப்பேன்.

அப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஓடும் இன்ஜினில் கூலண்ட் அழுத்தத்தோடு சுற்றும். பசை ஓரிடத்தில் விட்டால் கூலண்ட் கசியும். கசிந்தால் சூடு ஏறும். சூடு எல்லை மீறினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும். சில வெள்ளி போல்ட்டில் தொடங்கியது இன்ஜினையே இறக்குவதில் போய் முடியும். அதுவும் பட்டறை வாசலில் நடக்காது. பயணிகள் உட்கார்ந்திருக்கும்போது நெடுஞ்சாலையில்தான் நடக்கும்.

எல்லாம் தெரிந்தும் சும்மா நின்றேன். அறிவு வேறு, பழக்கம் வேறு என்று அப்போதுதான் புரிந்தது. பள்ளியிலிருந்தே நாம் பழகியது என்ன? தவறான விடையை அழித்துவிட்டுச் சரியானதை எழுதுவது. விடைத்தாளில் சிவப்பு மை விழாமல் பார்த்துக்கொள்வது. தவறைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இது என்னால் கெட்டது, எப்படிச் சரிசெய்வது?" என்று கேட்க நாம் பழகவே இல்லை.

கடைசியில், மறைப்பதற்குப் பதிலாக நானே எடுத்துவிடலாம் என்று நினைத்து, எக்ஸ்ட்ராக்டர் பெட்டியைத் திறந்தேன். முறிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, அதில் இடப்பக்க மரை கொண்ட கூம்புக் கருவியைச் செலுத்தித் திருகினால், கருவி கவ்விக்கொண்டு போல்ட்டை வெளியே கொண்டு வரும். பெட்டியின் படத்தில் அப்படித்தான் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை பெட்டியை மூடியது. மூத்த போமன்.

"எப்ப முறிஞ்சது?"

"இப்பதான் அண்ணே... ஒரு இருபது நிமிசம் இருக்கும்."

அவர் திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "ஆறு மில்லி போல்ட்டு தாங்காத முறுக்க, அதுக்குள்ள போற மூணு மில்லி கம்பி தாங்குமா, தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. இயற்பியலில் விசையும் திருப்புத்திறனும் படித்தவன் நான். இதை ஒரு படிக்காத கேள்வி என்று யாராவது சொல்ல முடியுமா?

எக்ஸ்ட்ராக்டர் கெட்டிப்படுத்திய எஃகினால் ஆனது. கடினமானது; ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. மரை சிக்கிக்கொண்ட போல்ட்டில் அதைப் போட்டு முறுக்கினால் கருவியே உள்ளே உடையும். சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிரத் துளைக்காது. கூம்பு வடிவம் வேறு. உள்ளே போகப் போக மீதிப் போல்ட்டை விரித்து, மரையை இன்னும் இறுக்கும். தலை முறிந்தாலும் மரை தளர்வாக இருக்கும் போல்ட்டுக்குத்தான் அந்தக் கருவி நல்லது. என்னுடையது அந்த வகையல்ல.

போல்ட் ஏன் சிக்கியது?

அன்று இரவு துருவை இளக்கும் எண்ணெயை விட்டு அப்படியே வைத்தோம். "நீயே போய் அவர்கிட்ட சொல்லு" என்றார் போமன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்த அங்கிளிடம் போனேன்.

"அங்கிள், போல்ட்ட கழட்டும்போது நான் முறிச்சிட்டேன். எடுத்துப் போட நாளைக்கு மத்தியானம் ஆகும்."

"காலையில ஏர்போர்ட் டிரிப் ஒண்ணு பேசி வெச்சிருக்கேனே, தம்பி."

"கிடைக்காது, அங்கிள். மன்னிச்சிருங்க."

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து வேறு ஓட்டுநரைத் தேட ஆரம்பித்தார். போல்ட்டை எடுத்த கூலியைப் பட்டறை முதலாளி அவரிடம் வாங்கவில்லை. ஆனால், அந்தக் காலை வருமானத்தை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. தேர்வில் பிழை விட்டால் நம் மதிப்பெண்தான் குறையும். பட்டறையில் பிழை விட்டால் இன்னொருவரின் நாள் குறையும்.

போல்ட் சிக்கியதற்குக் காரணம் என் கை மட்டுமல்ல. போல்ட் எஃகு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புகள் கரைந்த நீர் சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலம் ஆகிவிடும். மின்வேதித் தொடரில் அலுமினியம் இரும்பைவிட வினைத்திறன் கூடியது. எனவே அலுமினியம்தான் அரிபடும். அரிபட்டு உண்டாகும் வெள்ளைப் பொடி, முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். மரை இடுக்குக்குள் அந்தப் பொடி நிறைந்தால் போல்ட் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். அந்தக் காருக்குக் கூலண்டுக்குப் பதிலாகப் பல காலம் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலண்டில் உண்டு. குழாய்த் தண்ணீரில் இல்லை.

இதில் எதுவும் எனக்குப் புதிதல்ல. மின்வேதித் தொடரை மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அதே தொடர் ஒரு போல்ட் வடிவத்தில் எதிரே நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மூன்றாவது நட்

மறுநாள் காலை அவர் வேலையைத் தொடங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் நான் கழற்றிய நல்ல போல்ட்டை அளந்தார். உள்ளே எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். அருகிலிருந்த ரப்பர் குழாய்களை ஈரத் துணியால் மூடினார். தீயணைப்புக் கருவியை என் கையில் கொடுத்தார். முந்திய நாள் விட்ட எண்ணெயைத் துணியால் துடைத்தெடுத்தார். நான் உதவுவதாக நினைத்துப் பிரேக் கிளீனரைத் தெளிக்கப் போனேன். அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினார். சில வகைப் பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். வெல்டிங் வெப்பம் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம். இதைப் படிக்கும் வாகனத் துறை மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பிறகு, முறிந்த முனையின் மேல் சற்றுப் பெரிய நட் ஒன்றை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் செய்தார். எஃகை உருக்கி விடும் அந்த வெல்டிங் போல்ட்டோடும் நட்டோடும் ஒட்டும். சுற்றியுள்ள அலுமினியத்தோடு ஒட்டாது. அதோடு, சூடேறும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அந்தச் சூட்டிலும் பிறகு ஆறும்போதும் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் அசைவதால் இடையே இறுகிய பொடியின் பிடி விட்டுப் போகும்.

முதல் நட் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவதும் அப்படியே. அவர் முகம் மாறவில்லை. மூன்றாவது நட் பிடித்துக்கொண்டது. சிவப்பு மறையும்வரை காத்திருந்து, ஸ்பேனரை என்னிடம் கொடுத்தார். "பிடுங்காத. கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் இறுக்கு. அது எப்ப வரணும்னு அதுவே சொல்லும்."

தளர்த்தினேன், இறுக்கினேன். மறுபடி தளர்த்தினேன். முந்திய நாள் உணர்ந்த அந்த ரப்பர் மென்மை இப்போது இல்லை. கரகரவென்று மரை நகர்வது கைக்குத் தெரிந்தது. வெள்ளைப் பொடி அப்பிய ஒரு துண்டு வெளியே வந்தது. என் சுண்டு விரலின் பாதி நீளம்கூட இல்லை.

துளையின் மரையைச் சுத்தம் செய்து புதிய போல்ட் போட்டபோது அவர் என் கையில் டார்க் ரெஞ்சைக் கொடுத்தார். அந்த அளவு போல்ட்டை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் போதும். கார்ச் சக்கர நட்டுக்குத் தேவைப்படும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் அது. சக்கர நட்டைக் கழற்றும் வேகத்தில்தான் நான் அந்தச் சின்னப் போல்ட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நான் கேட்பது என்ன?

கல்லூரிப் பட்டறையில் பயிற்சிக்கென்று வைத்திருக்கும் இன்ஜின்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் கழற்றிக் கழற்றி மாட்டியவை. அவற்றின் போல்ட்டுகள் இரண்டு விரலால் திருகினாலே வந்துவிடும். மழையையும் கடற்காற்றையும் குழாய்த் தண்ணீரையும் பார்த்த போல்ட் ஒன்றுகூட அங்கே இல்லை. அங்கே 'திறன் பெற்றவர்' ஆகி வெளியே வருகிறவர், முதல் முறிந்த போல்ட்டை ஒரு வாடிக்கையாளரின் காரில்தான் சந்திக்கிறார்.

எனவே நான் கேட்பது இரண்டு.

முதலாவது, வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் கெட்டுப்போன வேலைக்கென்று சில பாடவேளைகளை ஒதுக்கட்டும். பழைய இன்ஜின் விற்கும் ஹாஃப்கட் கடைகளில் பயன்படாத சிலிண்டர் ஹெட்டுகள் கிடைக்கும். அவற்றில் வேண்டுமென்றே போல்ட்டுகளை முறித்து மாணவர் கையில் கொடுங்கள். போல்ட் வெளியே வந்ததா என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். எந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தார், எந்த இடத்தில் நிறுத்தினார், எப்போது உதவி கேட்டார் என்பதற்கும் போடுங்கள்.

இரண்டாவது, தொழிற்பயிற்சிப் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேருங்கள்: 'இந்த வாரம் எது தவறிப் போனது? எப்படிச் சரிசெய்யப்பட்டது?' அதை வெறுமையாக விடும் மாணவரைத்தான் விரிவுரையாளர் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு மறுப்புகள் வரும் என்று தெரியும். இருக்கும் பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால், நல்ல போல்ட்டைப் பத்தாவது முறை கழற்றும் நேரத்தில் முறிந்த போல்ட் ஒன்றை முதல்முறையாக எடுத்துப் பார்க்கலாம். தவறுகளைப் பதிவேட்டில் எழுதினால் பட்டறையின் பெயர் கெடும் என்று முதலாளிகள் அஞ்சலாம். வாடிக்கையாளர் பெயரும் வண்டி எண்ணும் இல்லாமல் எழுதலாமே! மின்சாரக் கார் வரும் காலத்தில் போல்ட்டைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மின்சாரக் காரிலும் மோட்டார் உறை அலுமினியம்தான்; அதைப் பிடித்திருப்பது எஃகுப் போல்ட்தான். வேதியியல் மாறப்போவதில்லை.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. "படிப்பு ஏறலன்னா போமன் வேலைக்குப் போ" என்று நம் வீடுகளில் மிரட்டுவார்கள். ஒரு போல்ட்டை எடுக்க எவ்வளவு வேதியியலும் இயற்பியலும் வேண்டியிருந்தன என்று இப்போது பார்த்தீர்கள். படிப்பிலிருந்து தப்பிக்க இந்தத் துறைக்கு வராதீர்கள். படித்ததை இங்கே ஒவ்வொரு நாளும் கைதான் தேர்வு எழுதும்.

திறன் மதிப்பீட்டில் தேறாதவருக்கு 'தோல்வி' என்று போடுவதில்லை. 'பெலும் தெராம்பில்' என்று போடுகிறார்கள். 'இன்னும் திறன் பெறவில்லை' என்று பொருள். அந்த 'இன்னும்' எனக்குப் பிடித்த சொல். அந்தப் புதன்கிழமை மாலை, சான்றிதழில் என்ன இருந்தாலும், நான் அந்த 'இன்னும்' பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே அங்கிள் எண்ணெய் மாற்ற வந்தார். "அந்தத் தம்பியே செய்யட்டும்" என்றார். மகிழ்ச்சியோடு ஸ்பேனரை எடுத்தேன். அவரோ நாற்காலியை விட்டு எழுந்து வந்து, வேலை முடியும்வரை என் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது சரிதான். என் மேல் நம்பிக்கை கொஞ்சம்தான் மீண்டிருந்தது. மீதியை நான்தான் சம்பாதிக்க வேண்டும்.

பதிவேட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே மூன்றாவது வரி ஒன்றை நேற்று எழுதினேன்: "போல்ட்டை முறித்தேன். இருபது நிமிடம் சொல்லாமல் இருந்தேன். பிறகு எடுக்கக் கற்றுக்கொண்டேன்."